குண்டு டிவி முதல் ஓலெட் வரை: படம் பார்க்கவும் பழைய கேம் விளையாடவும் எந்தத் திரை?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு டிவி இருக்கின்றன. ஒன்று சுவரில் தொங்கும் 55 அங்குல ஓலெட். மற்றது மூலையில், தையல் மெஷின் மேசையின் மேல் குந்தியிருக்கும் 21 அங்குலக் குண்டு டிவி, பின்பக்கம் புடைத்த பழைய படக்குழாய் வகை. வருகிறவர்கள் முதலில் புதியதைப் பார்ப்பார்கள். அப்புறம் மூலையைக் காட்டி, "இதை ஏன் இன்னும் எறியவில்லை?" என்பார்கள். அங்கே தொடங்கும் பேச்சு "நாங்களும் ஒன்று எடுக்கத்தான் யோசிக்கிறோம்" என்று போய், தேத்தண்ணி ஆறும் வரை முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள். கடையில் நின்றபடியே விலைச்சீட்டைப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்பியும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைக்கிறேன்.

எல்இடி டிவியும் எல்சிடி டிவியும் ஒன்றா, வேறா? கடைக்காரர் வேறு என்கிறாரே.

ஒன்றுதான். எல்சிடி திரை தானாக ஒளி விடாது. பின்னால் ஒரு விளக்கு எரியும். முன்னால் உள்ள திரவப் படிகம் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த ஒளியை விடும், அல்லது மறிக்கும். முன்பு பின்விளக்காக மெல்லிய குழல் விளக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளை வைத்ததும் பெட்டியில் "எல்இடி டிவி" என்று அச்சடித்துவிட்டார்கள். திரை அதே திரைதான்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. படிகம் மறிக்கும்போது முழுதாக மறிப்பதில்லை, எப்போதும் கொஞ்சம் ஒளி கசியும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்தக் கசிவுதான் பதில்.

அப்ப கியூலெட், ஓலெட்? ஓரெழுத்துத்தானே வித்தியாசம், விலை ஏன் இப்படி ஏறுது?

அந்த ஓரெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கியூலெட்டும் எல்சிடிதான். பின்விளக்குக்கும் படிகத்துக்கும் நடுவே குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு படலம் வைத்திருப்பார்கள். அதனால் நிறம் செழிப்பாக வரும், ஆனால் கசிவு போகாது. ஓலெட்டில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே கிடக்கும்.

இரண்டுக்கும் நடுவே மினி எல்இடி இருக்கிறது. பின்விளக்கை நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வட்டாரங்களாகப் பிரித்து, இருட்டான இடத்தில் அந்த வட்டாரத்தை மட்டும் மங்கச் செய்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கறுப்பு வானத்தில் நிலவு வந்தால் நிலவைச் சுற்றி ஒரு பால்புகை தெரியும். கறுப்புப் பட்டையில் வரும் வெள்ளை எழுத்துகளைச் சுற்றியும் அதே. 2022இல் ஓலெட்டிலும் குவாண்டம் புள்ளியைச் சேர்த்து கியூடி ஓலெட் என்று ஒன்று வந்தது. அது உண்மையான ஓலெட் வகை, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

4கே எடுக்கிறதா, ஃபுல் எச்டி போதுமா? 8கே வேற இருக்காம்.

முதலில் நாடாவை எடுத்து, கதிரையிலிருந்து சுவர் வரை அளந்துவிட்டுக் கேளுங்கள். ஃபுல் எச்டி என்றால் 1920க்கு 1080 புள்ளி. 4கே என்றால் 3840க்கு 2160, அதாவது 83 லட்சம் புள்ளி. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கும் ஒரு புள்ளியைத் தனியாகப் பிரித்தறிய ஓர் எல்லை இருக்கிறது. அந்தக் கணக்கின்படி 55 அங்குல ஃபுல் எச்டி டிவியை 2.2 மீட்டருக்கு அப்பால், அதாவது 7 அடிக்குச் சற்று மேல் இருந்து பார்த்தால், புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 43 அங்குலத்துக்கு அந்தத் தூரம் 1.7 மீட்டர். கொழும்புத் தொடர்மாடி ஹோலில் சோபா பெரும்பாலும் 8, 9 அடியில் இருக்கிறது. அங்கிருந்து 43 அங்குலத்தில் 4கேக்கும் ஃபுல் எச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு நான் கொத்து வாங்கித் தருகிறேன்.

சரி, அதற்காக ஃபுல் எச்டி தேடி அலைய வேண்டியதில்லை. 43க்கு மேல் இன்று கடையில் இருப்பவை அநேகமாக 4கேதான். வருவதை எடுங்கள், அதற்கென்று கூடக் காசு கொடுக்காதீர்கள். 8கேயை மறந்துவிடலாம், போட்டுப் பார்க்க அந்த அளவில் படமே கிடைக்காது. இன்னொன்று, புள்ளி எத்தனை என்பதைவிட உள்ளே வரும் தரவு முக்கியம். நெட்பிளிக்ஸ் 4கேக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் கேட்கிறது. ஃபுல் எச்டி புளூரே தட்டில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை போகலாம். இரவு 8 மணிக்கு வீட்டு இணையம் மூச்சு வாங்கும்போது வரும் 4கேயைவிடத் தட்டு வடிவாக இருப்பது இதனால்தான்.

நான் படம் பார்க்க மட்டும்தான். எதை முதலில் கவனிக்க வேணும்?

கறுப்பை. நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப் அகலத்தில் எடுக்கப்படுபவை. 2.39க்கு 1 என்ற அந்தச் சட்டத்தை 16க்கு 9 டிவியில் போட்டால் மேலும் கீழுமாகத் திரையின் கால்வாசி கறுப்புப் பட்டைக்குப் போய்விடும். இரவு லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது அந்தக் கால்வாசி சாம்பல் நிறத்தில் மினுங்கினால் படத்துக்குள் போகவே முடியாது. ஓலெட்டில் பட்டை சுவரோடு சுவராக மறைந்துவிடும்.

ஓலெட்டுக்குக் கை எட்டாவிட்டால், எல்சிடிக்குள் விஏ வகைத் திரையைத் தேடுங்கள். அதில் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 3000க்கு 1 அளவிலும் அதற்கு மேலும் வரும். ஐபிஎஸ் வகையில் 1000க்கு 1 பக்கம்தான். ஐபிஎஸ்ஸின் நன்மை வேறு, பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஹோலில் பாய் விரித்து, சோபாவில், வாசல்படியில் என்று பத்துப் பேர் சுற்றி இருந்து கிரிக்கெட் பார்க்கிற வீட்டுக்கு அது நல்லது.

கடையில் எப்படிப் பார்ப்பது? ஒரு பென்டிரைவில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு, நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைச் சொல் எழுதிக் கொண்டு போங்கள். அதைத் திரையில் போடச் சொல்லி, இரு கையாலும் கண்ணைச் சுற்றி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பாருங்கள். மூலைகளில் வெளிச்சம் ஒழுகுகிறதா, எழுத்தைச் சுற்றிப் புகை இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். புறக்கோட்டைக் கடை ஒன்றில் நான் இப்படி நின்றபோது முதலாளி, "மாத்தயாவுக்குக் கண் நோவா?" என்று கேட்டார். பரவாயில்லை.

கடையில் பளிச்சென்று இருந்தது. வீட்டில் படம் போட்டால் நாடகம் மாதிரி இருக்குது. டிவி பழுதா?

பழுதில்லை. படம் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடுவது. டிவி நடுவில் தானே கற்பனைச் சட்டங்களைச் செருகி வழுக்க வைக்கிறது. அதனால்தான் பெரிய செலவில் எடுத்த சண்டைக்காட்சியும் பின்னேர மெகா சீரியல் போலத் தெரிகிறது. செட்டிங்கில் மோஷன் என்ற சொல்லோடு வரும் வசதியை அணையுங்கள். அப்படியே படமுறையை "விவிட்"டிலிருந்து "மூவி" அல்லது "ஃபிலிம்மேக்கர்" என்பதற்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் பழைய முறைக்குப் போனால் ஆட்களின் முகம் நீலமாகத் தெரியும்.

எச்டிஆர் என்று பெட்டியில் போட்டிருக்கே, நம்பலாமா?

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை. அந்தச் சமிக்ஞையை டிவி வாங்கிக்கொள்ளும் என்ற அளவுக்கு நம்பலாம். காட்டுமா என்பது வேறு. எச்டிஆர் படங்களை ஸ்டூடியோவில் 1000 நிட் பிரகாசத்துக்கு, சிலவற்றை 4000க்கு வைத்துச் செய்கிறார்கள். மலிவு எல்சிடி 300 நிட் பக்கத்தில் நின்றுவிடும், வட்டாரம் வட்டாரமாக மங்கவும் தெரியாது. அதில் எச்டிஆர் போட்டால் படம் வெறுமனே இருண்டு போகும். அந்த டிவிகளில் சாதாரண முறையிலேயே பாருங்கள்.

ஓலெட்டில் அடையாளம் விழுமாமே? அம்மா நாள் முழுக்க நியூஸ் பார்க்கிறவ.

விழும். சானல் சின்னமும் கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் எரிந்தால் அந்தப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். விதம் விதமாகப் படம் பார்க்கிற வீட்டில் இது பெரிய பிரச்சினை இல்லை. நாள் முழுக்க ஒரே நியூஸ் சானல் என்றால் அம்மாவின் அறைக்கு ஒரு சாதாரண எல்சிடி எடுத்துக் கொடுங்கள், உங்களுக்கும் ரிமோட் மிஞ்சும்.

ஆனால் நம் வீடுகளில் இதைவிடப் பெரிய விஷயம் பிளக். நாங்கள் டிவி பார்த்து முடித்ததும் சுவர் ஸ்விட்சையும் அணைத்துப் பழகியவர்கள். ஓலெட் டிவி சுமார் 4 மணி நேரம் ஓடி முடித்தால், ரிமோட்டில் அணைத்த பிறகு சில நிமிடம் அமைதியாக உள்ளே தன் புள்ளிகளைச் சரிபார்த்துச் சமன் செய்யும். அதற்குக் கரண்ட் வேண்டும். உடனே சுவரில் அணைத்தால் அந்த வேலை நடக்காது. எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதம் இப்படித்தான் போனது, அணைத்தவர் என் மாமியார், எதிர்த்துப் பேச முடியவில்லை. இப்போது ஒரு சமாதானம்: ரிமோட்டில் அணைத்து, படுக்கப் போகும்போது பிளக்கைக் கழற்றுவது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கினால் எந்த யோசனையும் வேண்டாம், கழற்றுங்கள், அன்டெனா வயரையும் சேர்த்து.

சின்ன வயதில் விளையாடின கேம் பெட்டியைப் புது டிவியில் மாட்டினேன். அவ்வளவு அசிங்கமாக இருக்குது. அப்பவும் இப்படித்தானா இருந்தது?

இல்லை, உங்கள் ஞாபகம் சரிதான். குண்டு டிவி ஒரு படத்தை இரண்டு தடவையாக வரையும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படைக் கோடுகள். ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோதும் நமக்கு வந்தது இந்த மாதிரியான பால் முறை (குடிக்கிற பால் இல்லை): 625 கோடு, நொடிக்கு 50 அரைப்படம். அந்தக் கால கேம் பெட்டிகள் ஒரு தந்திரம் செய்தன. இரண்டு தடவையும் ஒரே கோடுகளிலேயே வரைந்தன, நடுவில் உள்ளவற்றை வெறுமையாக விட்டன. இதைத்தான் 240பி என்கிறார்கள். கோடுகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி விழுந்து, புள்ளிகள் ஒன்றோடொன்று இழைந்து உருண்டையாகத் தெரிந்தன.

புது டிவிக்கு இந்தத் தந்திரம் தெரியாது. அரைப்படங்கள் வருகின்றன என்று நினைத்து இரண்டிரண்டாக ஒட்டும். ஆள் ஓடினால் ஓரத்தில் சீப்புப் பல் போல் வெட்டு விழும். அடிபட்ட ஆள் மினுக்மினுக்கென்று மின்னுவானே, அது சில டிவிகளில் அறவே மறைந்துபோகும். எஞ்சியதை மாவு பிசைந்த மாதிரி மென்மையாக்கிப் பெரிதாக்கும்.

படம் வரைந்தவர்களும் குண்டு டிவியை மனதில் வைத்தே வரைந்தார்கள். 1991இல் சேகாவின் மெகா டிரைவ் பெட்டியில் வந்த சோனிக் விளையாட்டின் அருவியைப் பாருங்கள். அது உண்மையில் ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும் செங்குத்துக் கோடுகள். படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் வயரின் கலங்கலில் அவை கலந்து, பின்னால் உள்ளது தெரியும் தண்ணீராக மாறும். கூர்மையான திரையில் அது தண்ணீரில்லை, இரும்புக் கிராதி.

பட்டனை அழுத்திக் கொஞ்சம் பிறகுதான் குதிக்குது. எனக்கு வயசாச்சா?

வயதும் காரணமாக இருக்கலாம், ஆனால் முதலில் டிவியில் கேம் மோட் போட்டுப் பாருங்கள். வந்த படத்தைப் புது டிவி வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். இது சாதாரண முறையில் 50, 100 மில்லிநொடி என்று இழுக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டம் 16.7 மில்லிநொடி. அப்படியானால் நீங்கள் பார்ப்பது நாலைந்து சட்டத்துக்கு முந்திய உலகம். கேம் மோடில் நல்ல டிவி இதை 10 மில்லிநொடி அளவுக்குக் குறைத்துவிடும். குண்டு டிவியில் மெருகேற்றும் வேலையே கிடையாது, வர வர வரைந்துகொண்டே போகும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை எச்டிஎம்ஐ ஆக்கிற குட்டிப் பெட்டி வாங்கினேன். இன்னும் மோசமாயிட்டுதே!

அந்த மலிவுப் பெட்டி, மேலே டிவி செய்வதாகச் சொன்ன அதே பிழையை டிவிக்கு முன்பே செய்துவிடும். 240பியைத் தெரியாமல் ஒட்டி, 4க்கு 3 படத்தை 16க்கு 9ஆக இழுத்து, தாமதத்தையும் கூட்டி அனுப்பும். அதன் பிறகு கேம் மோட் போட்டாலும் போன நேரம் போனதுதான். டிவிடி பிளேயருக்கு அது போதும், கேமுக்கு வேண்டாம்.

பழைய விளையாட்டுகளுக்கென்றே செய்த ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சி போன்ற மாற்றிகள் இருக்கின்றன. அவை 240பியை 240பியாகவே அறிந்து, தாமதம் கூட்டாமல் பெரிதாக்கும். விலை அதிகம். அதற்குக் கொடுக்கும் காசை ஒரு பழைய குண்டு டிவியின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாமா ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கன்சோல். படம் கறுப்பு வெள்ளையாக வருது.

படம் வருகிறதே, அதற்கே சந்தோஷப்படுங்கள். ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. நான் பதினான்கு வயதில் இப்படி வந்த ஒன்றைப் பிளக்கின் வடிவத்தை மட்டும் பார்த்து நேரே சுவரில் செருகினேன். "டப்" என்று ஒரு சத்தம், மீன் பொரிந்த மாதிரி ஒரு மணம், அவ்வளவுதான். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பெரிய அடி. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் ஜப்பான் சாமானைத் தொடாதீர்கள்.

நிறம் வராததற்குக் காரணம் முறை வேறு என்பது. ஜப்பானின் என்டிஎஸ்சியில் நிறம் 3.58 மெகாஹெர்ட்ஸில் வரும், நம் பாலில் 4.43இல். என்டிஎஸ்சி தெரியாத டிவி நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் காட்டும். பிந்திய குண்டு டிவிகளின் மெனுவில் "சிஸ்டம்" என்று இருந்தால் அங்கே மாற்றலாம். நின்டென்டோவின் முதலாவது ஃபாமிகொம் பெட்டி என்றால் இன்னொரு சிக்கல், அதில் அன்டெனா வழி மட்டும்தான். ஜப்பானின் 1ஆம், 2ஆம் சானலில், அதாவது 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். இங்கே அது எப்எம் ரேடியோவின் இடம், நம் டிவிகள் பல அங்கே தேடவே தேடாது.

ஒரு ஆறுதல், ஜப்பான் பெட்டி 60இல் ஓடும். ஐரோப்பாவுக்கென்று செய்த 50 ஹெர்ட்ஸ் பெட்டிகளில் சரிப்படுத்தாமல் விட்ட விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடின, பாட்டும் சேர்ந்தே இழுபட்டது.

துப்பாக்கியால வாத்துச் சுடுற கேம் புது டிவியில் ஒரு வாத்துக்கும் படுதில்லையே?

படவே படாது. துப்பாக்கியின் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக்குள் இருப்பது குண்டு இல்லை, ஒளி உணரி. வெள்ளை சரியான கணத்தில், குண்டு டிவி வரைகிற அந்தத் துடிப்போடு வந்தால்தான் அடி என்று எடுக்கும். புது டிவியில் வெளிச்சம் பிந்தி வருகிறது, துடிப்பும் இல்லை. கேம் மோட், விலை கூடிய மாற்றி எதுவும் உதவாது.

அப்ப பழைய குண்டு டிவியே தேடட்டா? எதைப் பார்த்து வாங்குறது?

தேடுங்கள், ஆனால் விலை கொடுத்து ஏமாறாதீர்கள். பல வீடுகளில் அலுமாரிக்குப் பின்னால் ஒன்று இருக்கும், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்பார்கள். பழைய போத்தல், பேப்பர் வாங்க வருபவரிடம் சொல்லி வைத்தாலும் கிடைக்கும். என்னுடையது அப்படி வந்ததுதான். 21 அங்குலம் அளவான அளவு. 29 அங்குலம் ஆசையாக இருக்கும், 40 கிலோவைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு அதை ஏற்றிய பிறகு உதவிக்கு வந்த மச்சான்மார் ஒரு மாதம் போன் எடுக்கவில்லை.

போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பத்து நிமிடம் ஓடவிட்டு, முழு வெள்ளைத் திரை ஒன்றைப் பாருங்கள். மூலையில் பச்சை, ஊதாத் திட்டு இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தம் இருந்திருக்கலாம், பயப்பட வேண்டாம். போடும்போது வரும் "டொய்ங்" சத்தம் அதைத் துடைக்கிற வேலைதான், நாலைந்து தடவை இடைவெளி விட்டுப் போட்டால் போய்விடும். எழுத்துகள் மங்கலாக இருந்தால், படம் சுருங்கி விரிந்தால் விடுங்கள். சோனியின் டிரினிட்ரான் வகையில் குறுக்கே முடி போல ஒன்றிரண்டு கோடு தெரியும், அது பழுதல்ல, உள்ளே கம்பிகளைப் பிடித்து வைத்திருக்கும் இழையின் நிழல். கடற்கரைப் பக்கத்து வீட்டிலிருந்து வருவதென்றால் பின்பக்கத் துளைகள் வழியாக டோர்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். வெள்ளவத்தை உப்புக்காற்று யாரையும் விட்டதில்லை.

முக்கியமாக, முன்னால் "100 ஹெர்ட்ஸ்" என்று பெருமையாக எழுதியிருப்பதை எடுக்காதீர்கள். அது படத்தை உள்ளே டிஜிட்டலாக்கி இரட்டிப்பாக்குகிறது. தாமதமும் வரும், மேலே சொன்ன துப்பாக்கியும் வேலை செய்யாது.

திறந்து தூசி தட்டலாமா?

வேண்டாம். குழாயில் இருப்பது 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கும். பழைய டிவி திருத்துகிறவரிடம் கொடுங்கள். மருதானைப் பக்கம் விசாரித்தால் இன்னும் அகப்படுவார்கள்.

புது டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. முழுசா இழுத்துவிட்டால் என்ன?

வட்டம் முட்டையாகும், ஓடுகிறவன் குள்ளனாவான். பழைய விளையாட்டுகள் 4க்கு 3 சட்டத்துக்கு வரைந்தவை. 55 அங்குலத் திரையில் 4க்கு 3 போட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 45 அங்குலப் படம். அந்தக் காலத்தில் யாருக்கு 45 அங்குலம் இருந்தது? படத்துக்குக் கறுப்புப் பட்டையைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும், ஓலெட்டில் பட்டையே தெரியாது.

எமுலேட்டரில் குண்டு டிவி மாதிரிக் காட்டுற ஃபில்டர் இருக்காம். அது போதாதா?

எமுலேட்டர் என்பது பழைய கேம் பெட்டி போல நடித்து அதன் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள். அதன் ஃபில்டர் பலருக்குப் போதும். இங்கே நான் முன்பு 4கேயைப் பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. படம் பார்க்க 4கே அவ்வளவு தேவையில்லை என்றேன். 240 கோட்டுப் பழைய கேமுக்கு 4கே உண்மையில் உதவும். 2160ஐ 240ஆல் வகுத்தால் சரியாக 9. ஒரு கோட்டுக்கு ஒன்பது வரிசை கிடைக்கிறது, அதில் ஒளிரும் நடு, மங்கும் ஓரம், கறுப்பு இடைவெளி, சிவப்பு பச்சை நீலக் கட்டம் எல்லாவற்றையும் வரையலாம். ஃபுல் எச்டியில் 1080ஐ வகுத்தால் நாலரை. அரை வரிசையை எங்கே போடுவது? ஒரு கோடு தடிப்பாகவும் அடுத்தது மெலிதாகவும் வந்து, திரை உருளும்போது நெளியும்.

ஃபில்டரால் கொண்டுவர முடியாதது அசைவு. குண்டு டிவியில் ஒரு புள்ளி மின்னி ஒரு மில்லிநொடி அளவில் மங்கிவிடும். எல்சிடியும் ஓலெட்டும் ஒரு சட்டத்தை 16.7 மில்லிநொடி முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். கண் ஓடும் பொருளைப் பின்தொடரும்போது அது இழுபட்டு மங்கும். நடுவில் கறுப்புச் சட்டம் செருகும் வசதி சில டிவிகளில் உண்டு. அது மங்கலைக் குறைக்கும், வெளிச்சத்தையும் குறைக்கும்.

பாவித்த பிளாஸ்மா ஒன்று மலிவாக வருது. எடுக்கட்டா?

பிளாஸ்மா, ஓலெட்டுக்கு முந்திய தட்டை டிவி, அதிலும் புள்ளிகள் தாமே எரியும். கறுப்பும் அசைவும் நன்றாக இருக்கும், அந்தக் காலத்தில் படம் பார்க்க அதுதான் ராஜா. ஆனால் பானசோனிக் 2013இலும், சாம்சங்கும் எல்ஜியும் 2014இலும் கைவிட்டுவிட்டன. உதிரிப்பாகம் கிடையாது, அடையாளமும் விழும், அடுப்பு மாதிரிச் சுடும். கொழும்பு வெக்கையில், இன்றைய மின்கட்டணத்தில், நான் எடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு டிவிதான் வைக்க இடம். படமும் வேணும், பழைய கேமும் வேணும். ஒன்றைச் சொல்லுங்கோ.

காசு இருந்தால் 55 அங்குல ஓலெட், கேமுக்கு எமுலேட்டரும் ஃபில்டரும். காசு இல்லாவிட்டால் விஏ திரையுள்ள 4கே எல்சிடி, கேம் மோடில் தாமதம் குறைந்ததாகப் பார்த்து. எச்டிஆர், 8கே, வளைந்த திரை, குரலால் பேசுவது எதற்கும் ஒரு ரூபா கூடக் கொடுக்காதீர்கள். துப்பாக்கி கேம்தான் வேண்டும் என்றால் இடத்தைத் தேடுங்கள், வேறு வழியில்லை.

கடைசியாக ஒன்று. எங்கட கல்யாண வீடியோ சிடியைப் புது டிவியில் போட்டால் ஆட்களின் முகமே தெரியவில்லை. சிடி பழுதாயிட்டுதா?

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. சிடி பழுதில்லை. வீடியோ சிடியில் இருப்பது 352க்கு 288 புள்ளி. அதை 4கே திரையில் நிரப்பினால் ஒவ்வொரு புள்ளியையும் எண்பதுக்கு மேல் பெருக்க வேண்டும். சித்தப்பாவின் மீசை நாலு கட்டமாகத்தான் வரும். கேமுக்குச் சொன்ன எந்த மாற்றியாலும் இல்லாத முகத்தை உண்டாக்க முடியாது.

பெரியம்மாவை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். பழைய பிளேயரை மூலையிலிருந்த 21 அங்குலத்தில் மாட்டி, மோடா ஒன்றை இழுத்துப் போட்டு ஆறடி தள்ளி உட்கார வைத்தேன். மேளம் தொடங்கியது, திரையில் பொம்பிளை மாப்பிள்ளை வந்தார்கள், முகம் முகமாகத் தெரிந்தது. "இந்தா, அம்மா!" என்று ஓரமாக நின்ற ஒருவரைத் தொட்டுக் காட்டினா. திரை சூடாக இருந்தது, விரலில் சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு முழு மூன்று சிடியும் பார்த்துவிட்டுத்தான் எழும்பினா.